வெற்றியின் உச்சியில் ஓர் அழைப்பு

விளையாட்டுத் துறையில் புகழ் பெற்றவர்களுக்கெல்லாம் விடைபெறும் நாள் என்று ஒன்று வந்தே தீரும். முழங்கால் இசைய மறுக்கும், மூச்சு முட்டும், இளையவர் ஒருவர் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வார். அந்நாள் வருமுன்னரே தாமாகக் களத்தை விட்டு இறங்குவோர் மிகச் சிலர். அதிலும், உடலில் வலிவும் கையில் ஒப்பந்தமும் இருக்கும்பொழுதே, 25ஆம் வயதில், ஒரு கதவுக்குள் நுழைந்து, அக்கதவு தமக்குப் பின்னே அடைபடுவதை முழுமனத்தோடு ஏற்றவர் எத்தனை பேர் இருப்பர்? அத்தகைய ஒருவரின் வரலாற்றை இம்மாதம் நம் குடும்பங்களின் முன் வைக்க விழைகிறோம்.

அமெரிக்க நாட்டுக் கூடைப்பந்து வீராங்கனை ஷெல்லி பென்னஃபெதர் என்பது உலகம் அறிந்த அவர் பெயர். துறவறத்தில் அவர் ஏற்ற பெயர் சகோதரி ரோஸ் மேரி. இவ்விரு பெயர்களுக்கும் இடையே நிகழ்ந்ததைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதனோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகளை அம்மடத்து வாசலில் விட்டுவிட்டு வீடு திரும்பினார்களே, அந்தத் தாயும் தந்தையும் கொடுத்தது என்ன என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீடே முதற் பள்ளி

மைக்கேல் பென்னஃபெதர் அமெரிக்க விமானப் படையில் அதிகாரியாக இருந்தவர். அவர் மனைவி மேரி ஜேன். இறைவன் அவர்களுக்கு அளித்த பிள்ளைகள் எழுவர். படைப் பணியில் இருப்போர்க்கு ஓரிடம் நிலையன்று. ஊர் மாறும், வீடு மாறும், அண்டை அயலார் மாறுவர். ஆயினும் அந்த வீட்டில் மாறாதிருந்தது ஒன்று உண்டு. மாலையானால் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றுகூடி முழந்தாட்படியிட்டுச் செபமாலை சொல்வார்கள். எத்தனை வேலை இருந்தாலும் அவ்வழக்கம் நின்றதில்லை.

அக்குடும்பத்தில் பந்தும் இருந்தது, பக்தியும் இருந்தது. ஒன்று மற்றொன்றுக்கு இடையூறு என்று அப்பெற்றோர் எண்ணவில்லை. உயரமும் கூர்த்த பார்வையும் வாய்க்கப்பெற்ற மகள் கூடையை நோக்கிப் பந்தை எறிவதில் தனித்திறமை உடையவள் என்பதைக் கண்டு அவர்கள் ஊக்கமளித்தனர்.

டென்வர் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் மஷ்பஃப் ஆண்டகையின் பெயர் தாங்கிய கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் ஷெல்லி மூன்றாண்டுகள் ஆடினார். அந்த மூன்றாண்டுகளில் அவரது அணி களம் கண்ட ஆட்டங்கள் 70; வென்றவையும் 70. பின்னர் குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிக்கா நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பின் இறுதியாண்டை அங்குள்ள நோத்ரு டேம் கத்தோலிக்கப் பள்ளியில் முடித்தார். அங்கும் 26 ஆட்டங்கள், 26 வெற்றிகள். ஆக, பள்ளிப் பருவத்தில் 96 ஆட்டங்களில் ஒன்றிலேனும் தோல்வி என்பதை அறியாதவர் அவர். புதிய பள்ளி, புதிய தோழியர், புதிய பயிற்சியாளர் என்று எல்லாமே மாறியும் வெற்றி மட்டும் மாறவில்லை என்பதைக் காணும்பொழுது, இது குருட்டு நல்வாய்ப்பால் வந்ததன்று என்பது புலனாகும்.

வாளி தட்டிய கன்னியர்

ஷெல்லி கல்லூரிக்குச் சென்ற காலத்தில் பெண்களின் கூடைப்பந்து எந்நிலையில் இருந்தது என்பதையும் நம் வாசகர்கள் அறிந்துகொள்ளல் நலம்.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்கென்று ஓர் ஆட்டத்தை வகுத்தார். பழம் வைக்கும் கூடைகள் இரண்டைச் சுவரில் உயர மாட்டி, பந்தை அவற்றினுள் எறியச் செய்தார். கூடைப்பந்து பிறந்தது இவ்வாறே. அடுத்த ஆண்டே அதே மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை, பெண்களுக்கு ஏற்ற விதிகளோடு அதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். ஆனால் ஆண்களின் ஆட்டத்துக்குக் கிடைத்த பணமும் பாராட்டும் பெண்களின் ஆட்டத்துக்கு முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடைக்கவில்லை. ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்கள் கூடைப்பந்துக்கு இடம் கிடைத்ததே 1976இல் தான்.

இந்நிலையை மாற்றியதில் ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரிக்குப் பங்குண்டு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. பிலடெல்பியா நகரையொட்டிய இம்மாக்குலாட்டா கல்லூரியை மரியாவின் மாசற்ற இதய ஊழியர் சபைக் கன்னியர் நடத்தி வந்தனர். 1972இல் அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளுக்கான முதல் தேசியப் போட்டி நடந்தபொழுது, அணியினர் அனைவரையும் விமானத்தில் அனுப்பப் பணமில்லை. பல் துலக்கும் தூரிகைகளை விற்றுக் காசு சேர்த்தும் எண்மர் மட்டுமே செல்ல முடிந்தது. அந்த எண்மரே வாகை சூடித் திரும்பினர். 1973, 1974 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அவர்களுக்கே. அவர்தம் ஆட்டங்களைக் காண வந்த கன்னியர், துறவற உடையோடு வரிசையாக அமர்ந்து, உலோக வாளிகளைத் தடியால் தட்டி ஆரவாரம் செய்ததை அப்பகுதியினர் நெடுநாள் பேசி மகிழ்ந்தனர்.

அதே 1972ஆம் ஆண்டில், அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் பெண் என்ற காரணத்தால் எவருக்கும் வாய்ப்பு மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன் பயனாகக் கல்லூரிகள் பெண்களின் அணிகளுக்கும் உதவித்தொகை வழங்கத் தொடங்கின. முந்திய தலைமுறைப் பெண்கள் திறந்துவைத்த அந்த வாசல் வழியாகவே 1983இல் ஷெல்லி பென்னஃபெதர் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைத்தார்.

வில்லனோவாவில் நான்காண்டுகள்

வில்லனோவா, புனித அகுஸ்தீனார் சபைத் துறவியர் 1842இல் நிறுவிய கல்வி நிலையம். புனித வில்லனோவா தோமையாரின் பெயர் தாங்கியது. இதுவும் பிலடெல்பியாவை அடுத்தே அமைந்துள்ளது. அங்குப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் ஹாரி பெரெட்டா. 1978இல் மிக இளவயதிலேயே அப்பொறுப்பை ஏற்று, 2020 வரை 42 பருவங்கள் அதில் நிலைத்து நின்றவர்.

6 அடி 1 அங்குல உயரமுடைய ஷெல்லி, முன்கள ஆட்டக்காரராக நான்காண்டுகளில் எடுத்த புள்ளிகள் 2,408. கூடையில் விழாது திரும்பிய பந்தை எம்பிப் பிடித்தவை 1,171. இவ்வெண்களின் அருமையை உணர ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ள வேண்டும். தொலைவிலிருந்து எறிந்து போடும் பந்துக்கு மூன்று புள்ளிகள் என்ற விதி அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் ஆட்டத்தில் 1987ஆம் ஆண்டுப் பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஷெல்லி கல்லூரியை விட்டுச் சென்ற பின்னர்! ஆகவே அவர் களத்தில் போட்ட பந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகளே; தண்ட எறிதலுக்கோ ஒன்றே. 1985இல் வில்லனோவாவின் ஆண்கள் அணி நாட்டின் கல்லூரிப் பட்டத்தையே வென்றது. ஆயினும் அப்பல்கலைக்கழக வரலாற்றில் ஆண்கள் அணியைச் சேர்ந்த எவரும் ஷெல்லியின் புள்ளிக் கணக்கை எட்டியதில்லை. பெண்கள் அணியிலும் 35 ஆண்டுகள் அது முறியடிக்கப்படாமல் நின்று, 2022-23 பருவத்தில்தான் மேடி சீக்ரிஸ்ட் என்ற வீராங்கனையால் கடக்கப்பட்டது.

தம் கல்லூரி சேர்ந்திருந்த பிக் ஈஸ்ட் கூட்டமைப்பில் மூன்று முறை தலைசிறந்த வீராங்கனையாகத் தேர்வு பெற்றார் ஷெல்லி. 1987இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கு வழங்கப்படும் வேட் விருது அவரைத் தேடி வந்தது. இத்தனைப் புகழுக்கிடையிலும் வீட்டில் கற்ற செபமாலையை அவர் மறக்கவில்லை. தம் பயிற்சியாளரையே செபமாலை சொல்லும் வழக்கத்துக்குத் திருப்பியவர் அவர். பயிற்சியாளர் மாணவிக்கு ஆட்டத்தைக் கற்பித்தார்; மாணவி பயிற்சியாளருக்குச் செபத்தை நினைவூட்டினார்.

கடல் கடந்த தனிமை

கல்லூரி முடிந்தது. அடுத்து என்ன? ஆண் வீரர்களுக்கு அந்நாட்டில் கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில்முறைப் போட்டிகள் இருந்தன. பெண்களுக்கோ அவ்வாறில்லை. 1978இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறைக் கூட்டமைப்பு ஒன்று பணமின்றி 1981இல் மூடப்பட்டது. இன்று உலகறிந்த டபிள்யூ.என்.பி.ஏ. தன் முதல் ஆட்டத்தைக் கண்டது 1997இல் தான். ஆகவே ஆடிப் பிழைக்க விரும்பிய அமெரிக்கப் பெண்கள் இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான் போன்ற நாடுகளுக்குக் கப்பலேறாத குறையாகப் புறப்பட்டுச் சென்றனர்.

ஜப்பானில் பெரிய தொழில் நிறுவனங்களே தத்தம் பெயரில் அணிகளை நடத்தி வந்தன. அவற்றுள் ஒன்றான நிப்பான் எக்ஸ்பிரஸ் என்னும் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் அணி ஷெல்லியை அமர்த்திக்கொண்டது. ஊதியம் நிறைவாகவே இருந்தது. ஆனால் எழுவர் பிறந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, மொழி தெரியாத நாட்டில் ஒற்றை அறை வாழ்வு எப்படி இருந்திருக்கும்! ஆட்டமும் பயிற்சியும் போக எஞ்சிய பொழுதெல்லாம் அமைதி; பேச ஆளில்லை. அவர் ஜப்பானிய மொழி பயின்றார், நூல்கள் படித்தார், பிறர்க்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். அப்படியும் தனிமை தீரவில்லை.

அது மட்டுமா? பள்ளிக் காலத்தில் தோல்வியே அறியாத அவர் சேர்ந்த அணி, முதற் பருவத்தில் தொடக்கத்தில் ஆடிய 5 ஆட்டங்களிலும் தோற்றது. பட்டியலின் கீழ்வரிசையில் நிற்கும் அணிகள் பருவம் முடிந்த பின்னும் தங்கி மேலும் சில வாரங்கள் ஆட வேண்டும் என்பது அங்கு விதி. வீட்டு ஏக்கத்தில் வாடிய ஷெல்லி அப்பொழுது ஆண்டவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். எங்கள் அணி கீழ்வரிசையிலிருந்து தப்பினால், மிச்சமாகும் அந்த நாட்களை ஏழைகளின் தொண்டில் செலவிடுவேன் என்பதே அது.

நம் வீடுகளிலும் இத்தகைய நேர்ச்சைகள் உண்டு. தேர்வில் தேறினால் மெழுகுதிரி, வேலை கிடைத்தால் திருத்தலப் பயணம் என்று நேர்ந்துகொள்கிறோம். கேட்டது கிடைத்த பின் பலருக்கு நேர்ச்சை நினைவிலிருப்பதில்லை. ஷெல்லியின் அணி மீண்டெழுந்து வென்றது, மேல்வரிசையில் இடம்பிடித்தது. அவரும் தாம் சொன்ன சொல்லைக் காத்தார். தாயகம் திரும்பியதும், பென்சில்வேனியா மாநிலத்தின் நோரிஸ்டவுன் நகரில் பிறரன்பின் பணியாளர் சபைக் கன்னியர் இல்லத்துக்குச் சென்று, பசித்தோர்க்கு உணவிடும் பணியில் ஈடுபட்டார். 1950இல் நம் கல்கத்தாவில் அன்னை தெரசா தொடங்கிய அதே சபைதான் இது. கல்கத்தாவின் சேரியில் ஏற்றப்பட்ட விளக்கு ஒன்று கடல் கடந்து சென்று, ஒரு விளையாட்டு வீராங்கனையின் வழியிலும் ஒளி வீசியது என்பதை எண்ணுங்கால் நம் உள்ளம் நெகிழ்கிறது.

1991 ஜூன் 8

உள்ளத்தில் விழுந்த வித்து மெல்ல முளைவிட்டது. தொண்டு புரியும் சபைகளையும் விட, முற்றும் செபத்துக்கெனவே அடைபட்டு வாழும் வாழ்வே தமக்குரியது என்று அவர் உணரலானார். வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியா நகரில் புனித கிளாரா அம்மாளின் சபையைச் சேர்ந்த மடம் ஒன்று உள்ளது. அங்குச் செல்லத் துணிந்தார்.

அந்த வேளையில்தான் ஜப்பானிலிருந்து புதிய ஒப்பந்தம் வந்து நின்றது. ஆண்டுக்கு 2 இலட்சம் டாலர்! அன்று உலகில் கூடைப்பந்து ஆடிய பெண்களுள் மிகுந்த ஊதியம் பெறுவோர் வரிசையில் அவரை நிறுத்தக்கூடிய தொகை அது. இன்னும் சில ஆண்டுகள் ஆடிவிட்டுப் பின்னர் போகலாமே என்று எண்ணுவது மனித இயல்பு. அவர் அவ்வாறு எண்ணவில்லை. ஒப்பந்தத்தை ஏற்காமல் விட்டார்.

1991ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், சனிக்கிழமை. பூப்போட்ட உடையணிந்து, அன்புடையோர் அனைவரையும் தழுவி விடைபெற்று, பெற்றோர் உடன்பிறந்தாரோடு வண்டியேறி ஷெல்லி அலெக்சாண்ட்ரியா சென்றார். மடத்து வாசலில் கன்னியர் இரு வரிசையாக நின்று அவரை எதிர்கொண்டனர். அவர் உள்ளே சென்றார். கதவு அடைபட்டது.

அன்றோடு உலகத்தின் ஏடுகளிலிருந்து ஷெல்லி பென்னஃபெதர் மறைந்தார். மடத்தில் அவருக்கு இடப்பட்ட பெயர் வானதூதர்களின் அரசியின் சகோதரி ரோஸ் மேரி. சம்மனசுகளின் இராக்கினி என்று நம் பாட்டிமார் பிரார்த்தனையில் அழைத்த அதே அன்னையின் பெயரோடு சேர்ந்தது இது.

கிளாரா அம்மாளின் மக்கள்

இம்மடத்தின் வாழ்வு முறையைப் பற்றிச் சிறிது சொல்லுதல் தகும். 1212இல் குருத்து ஞாயிறு இரவில் இத்தாலியின் அசிசி நகரில் கிளாரா என்னும் உயர்குடி நங்கை, வீட்டாரை விட்டு நீங்கி, புனித பிரான்சிஸ்குவின் கையால் தலைமயிர் கத்தரிக்கப்பெற்றுத் துறவு பூண்டாள். அவளைப் பின்பற்றிய பெண்கள் சான் தமியானோ ஆலயத்தை ஒட்டி வறுமையில் வாழ்ந்தனர். உடைமை ஏதுமின்றி வாழும் உரிமையையே அவ்வம்மையார் திருத்தந்தையிடம் மன்றாடிக் கேட்டார். அவர் எழுதிய ஒழுங்குமுறைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது 1253 ஆகஸ்டில்; அவர் இறப்பதற்கு இரு நாட்களுக்கு முன்னர். பதினைந்தாம் நூற்றாண்டில் புனித கொலெத் அம்மாள், தளர்ந்துபோன மடங்களில் அந்தப் பழைய கடுமையை மீண்டும் நிலைநாட்டினார். அலெக்சாண்ட்ரியா மடத்தார் அந்தக் கொலெத் வழியினர்.

அவர்கள் வைக்கோல் மெத்தையில் துறவற உடையோடே துயில்வர். நள்ளிரவு கடந்ததும் மணியோசை கேட்டு எழுந்து ஆலயத்தில் கூடிப் புகழ்ப்பாக்கள் செபிப்பர். ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் அவர்களுக்கு உறக்கமில்லை. நாளுக்கு ஒருமுறையே முழு உணவு. முற்றத்தில் உலவும் சிறுபொழுது தவிர மற்ற நேரமெல்லாம் வெறுங்காலே. களத்தில் ஓடி ஆடிப் பழகிய கால்கள் அங்கே பாதணியையும் துறந்தன. தொலைக்காட்சி இல்லை, செய்தித்தாள் இல்லை, தொலைபேசி உரையாடல் இல்லை. நண்பர்க்குத் தாமாக முதலில் கடிதம் எழுதுவதில்லை. தமக்கு எழுதினோர்க்கே மறுமொழி எழுதுவர்.

இதைக் கேட்கும் நம்முள் சிலர்க்கு ஓர் ஐயம் எழலாம். இத்தனைத் திறமையை இறைவன் கொடுத்தது நான்கு சுவருக்குள் புதைப்பதற்கா? தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனை ஆண்டவர் கண்டிக்கவில்லையா? ஊதியப் பணத்தை ஏழைகளுக்கு அனுப்பியிருக்கலாமே? இவை நேர்மையான கேள்விகளே; புறக்கணிக்கத் தக்கவை அல்ல. ஆனால் உவமையில் வரும் ஊழியன் தாலந்தைப் புதைத்தது அச்சத்தால். ஷெல்லியை அம்மடத்துக்கு இட்டுச் சென்றது அச்சமும் அன்று, தோல்வியும் அன்று, உலகின்மேல் கொண்ட கசப்பும் அன்று. தம்மிடமிருந்த மிகச் சிறந்ததைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்தார். பெத்தானியாவில் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவர்மேல் ஊற்றிய பெண்ணைப் பார்த்தும், இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள் அல்லவா? ஆண்டவர் அவள் பக்கமே பேசினார்.

பெற்றோர் கொடுத்தது

இனி, நாம் தொடக்கத்தில் கூறிய மற்றொன்றுக்கு வருவோம். அந்த மடத்தின் ஒழுங்குப்படி, குடும்பத்தார் ஆண்டுக்கு இருமுறை வந்து காணலாம். அப்பொழுதும் இடையே தடுப்பு ஒன்று இருக்கும். அதன் வழியே முகம் பார்க்கலாம், பேசலாம், சிரிக்கலாம். தழுவ இயலாது. அணைப்பு என்பது 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே.

இதனை ஏற்பது மகளுக்கு எளிதா, பெற்றோருக்கு எளிதா? மகள் தானே தேர்ந்து சென்றாள். அழைப்பின் இன்பம் அவளுக்கு உண்டு. வீட்டில் எஞ்சியோர்க்கு அந்த அழைப்பு வரவில்லை. விலையில் பங்கு மட்டும் வந்தது. எழுவருள் ஒருவருக்குரிய இடம் உணவு மேசையில் வெறுமையாயிற்று. உடன்பிறந்தாரின் மணவிழா, பிறந்த குழந்தைகளின் ஞானஸ்நானம், கிறிஸ்து பிறப்பு விழா ஆகிய எதற்கும் அவர் வரப்போவதில்லை.

1998இல் அவ்வீட்டுக்குப் பெருஞ்சோதனை வந்தது. தந்தை மைக்கேல் புற்றுநோயால் இறந்தார். மாலைதோறும் பிள்ளைகளைச் செபத்துக்கு அழைத்த குரல் ஓய்ந்தது. ஆனால் அடக்கச் சடங்குக்கு அந்த மகள் வரவில்லை. மடத்தின் ஒழுங்கு அதற்கு இடந்தரவில்லை. பெற்ற தகப்பனின் முகத்தை இறுதியாக ஒருமுறை காண மகள் வராதிருப்பது நம் ஊர்களில் எத்துணைப் பெரிய குறையாகப் பேசப்படும் என்பதை நாம் அறிவோம். அந்தத் துயரத்தைச் சிறிதென்று எவரும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டியதில்லை. தியாகம் என்னும் சொல்லை நாம் மிக எளிதாக உச்சரித்துவிடுகிறோம். அதன் எடை இன்னதென்பதை அன்று கல்லறையருகே நின்ற மேரி ஜேன் அம்மையார் அறிந்திருப்பார். மடத்துச் சிற்றாலயத்தில் முழந்தாட்படியிட்டிருந்த மகளும் அறிந்திருப்பார்.

மகள் சென்ற வழியில் தாய் குறுக்கே நிற்கவில்லை. ஆபிரகாம் ஈசாக்கை மலைமேல் அழைத்துச் சென்ற வரலாற்றைக் கேட்கிறோம். அன்று வீட்டில் காத்திருந்த சாராவின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நாம் எண்ணுவதில்லை. இறையழைத்தல் பெறும் ஒவ்வொருவர்க்கும் பின்னால், ஒரு வீட்டில், அத்தகைய தாய் ஒருத்தி இருக்கிறாள்.

பழைய நண்பர்களும் அவரை மறக்கவில்லை. பயிற்சியாளர் பெரெட்டா ஆண்டுதோறும் நெடுவழி வண்டியோட்டிச் சென்று, அத்தடுப்பின் மறுபுறம் அமர்ந்து தம் பழைய மாணவியோடு உரையாடி வந்தார். தொடக்கத்தில் அவருக்கும் இம்முடிவு விளங்காப் புதிராகவே இருந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, களத்தில் தாம் கண்ட முகத்தைக் காட்டிலும் மடத்தில் காணும் முகத்தில் நிறைவு மிகுந்திருப்பதை அவரும் கண்டார்.

இருபத்தைந்து ஆண்டு காத்த கைகள்

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம். சகோதரி ரோஸ் மேரியின் வார்த்தைப்பாட்டு வெள்ளி விழா. மடத்து ஆலயத்தில் திருப்பலி. உடன்பிறந்தார் வந்திருந்தனர், அவர்தம் பிள்ளைகள் வந்திருந்தனர், அவர்களுள் அத்தையையோ பெரியம்மாவையோ ஒருநாளும் தொட்டறியாதோர் பலர். வில்லனோவாவில் உடன் ஆடிய தோழியர் நடுவயது கடந்தவர்களாய் வந்து அமர்ந்திருந்தனர். பயிற்சியாளரும் வந்திருந்தார்.

மேரி ஜேன் அம்மையாருக்கு அப்பொழுது வயது 78. ஒழுங்கின்படி அடுத்த அணைப்புக்கு மேலும் 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; அப்பொழுது அவருக்கு வயது 103 ஆகும். ஆகவே இம்மண்ணில் தம் மகளைத் தழுவுவது இதுவே கடைசி முறையாக இருக்கலாம் என்பதை அவர் நன்கறிவார். திருப்பலி முடிந்தது. தடுப்பு விலகியது. தாயும் மகளும் தழுவிக்கொண்டனர்.

பந்தயங்களில் கோப்பையை உயர்த்திப் பிடித்த கைகள் அவை. ஆயிரமாயிரம் பேர் கைதட்டிய நாட்கள் பல. ஆயினும் அந்தச் சிறிய ஆலயத்தில் நிகழ்ந்த ஒரு கணத்துக்கு அவற்றுள் எதனை ஈடாகச் சொல்வது? ஒருவரையொருவர் நாள்தோறும் தொடக்கூடிய தூரத்தில் வாழும் நாம், ஓர் அணைப்பின் விலையை அறிந்தவர்கள்தாமா?

நம் இல்லங்களுக்கு

எல்லாப் பிள்ளைகளும் மடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதற்காக இவ்வரலாற்றை நாம் எழுதவில்லை. இத்தகைய அழைப்பு மிகச் சிலர்க்கே உரியது. பெரும்பாலோர்க்கு இல்லறமே அழைப்பு, உழைப்பே செபம். எனினும் பென்னஃபெதர் இல்லத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை உள.

முதலாவது, பெண் பிள்ளைகள் ஆடட்டும். ஆட்டம் பெண்ணுக்கு அடக்கமின்மையைக் கற்றுத்தரும் என்று இன்றும் அஞ்சும் வீடுகள் உண்டு. நாள்தோறும் ஒரே எறிதலை நூறுமுறை பழகிய பொறுமையும், அணியின் நலனுக்காகத் தன் விருப்பை விட்டுக்கொடுத்த பழக்கமும், நள்ளிரவு மணிக்கு எழும் வாழ்வுக்கு ஷெல்லியை ஆயத்தம் செய்யாமல் இருந்திருக்குமா? விளையாட்டும் ஒரு நல்லாசிரியரே.

இரண்டாவது, மாலைச் செபம் நிற்க வேண்டாம். பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் சொல்லும் செபமாலை வீண் என்று சலிப்படையும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: விதைத்தவன் முளையைத் தோண்டிப் பார்ப்பதில்லை. டென்வரிலும் யூட்டிக்காவிலும் முழந்தாட்படியிட்ட அச்சிறுமிக்கு, ஜப்பானில் தனித்திருந்த நாட்களில் அச்செபமே துணையாயிற்று.

மூன்றாவது, பிள்ளைகள் நம்முடையவர்கள் எனினும் நமக்கே உரியவர்கள் அல்லர். வேற்றூரில் மணமுடித்துச் செல்லும் மகளும், வேலை தேடி வெளிநாடு செல்லும் மகனும், குருமடத்துக்குப் புறப்படும் பிள்ளையும் நம் கைகளைத் திறக்கச் சொல்கின்றனர். இறுகப் பிடித்த கையால் எதையும் கொடுக்கவும் இயலாது, பெறவும் இயலாது.

இதனைப் படித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைகளை அருகழைத்து ஒருமுறை அணைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருப்போர்க்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த ஒரு தாயின் கைகளை நினைவில் கொண்டு அதனைச் செய்யுங்கள்.